பத்தாவது ஆள்

ஒருவருக்கு நோய் வந்தால் என்ன சிகிச்சை கிடைக்கும் என்பதை, அவர் வேலை பார்க்கும் இடத்தில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு தீர்மானிக்கலாமா? கேட்கும்போதே அபத்தமாக இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்படித்தான் நடக்கிறது. அந்த எண் பத்து.

தொழிலாளர் அரசுக் காப்பீடு, நம் வாயில் ஈ.எஸ்.ஐ. பி.பி. அடார்கர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1944-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து பிறந்தது. 1948-இல் சட்டமானது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குப் பொருந்தும். தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 15,000 சம்பளம் என்றால் தொழிலாளி 112 ரூபாய் 50 காசு, முதலாளி 487 ரூபாய் 50 காசு, ஆக 600 ரூபாய். வயது என்ன, சுகர் இருக்கிறதா, அப்பாவுக்கு ஹார்ட் பிரச்சினையா என்று யாரும் கேட்பதில்லை. குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. செலவுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு கிடையாது. டிஸ்பென்சரி வரிசை, கிடைக்காத மாத்திரை, ரெஃபரல் அலைச்சல் என்று குறைகள் நிறைய. ஆனாலும் இதன் அடிப்படையில் ஒரு பெரிய தார்மீகம் இருக்கிறது: சம்பளத்துக்கு ஏற்பக் கொடு, நோய்க்கு ஏற்ப எடுத்துக்கொள்.

கோவை கணபதியில் எங்கள் உறவில் ஒரு மாமா லேத் பட்டறை வைத்திருக்கிறார். பம்புக்கான உதிரிபாகங்களை ஜாப் ஆர்டராகக் கடைந்து கொடுக்கிறார். பல வருஷமாகவே அவரிடம் ஒன்பது பேர். வேலை கூடினால் ஓவர்டைம் ஓடும், இல்லையென்றால் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "பத்தாவது ஆள எடுத்தா ஈ.எஸ்.ஐ. வந்துரும் மாப்ள. ஒருக்கா வந்துட்டா, அப்பறம் ஆளு கொறஞ்சாலும் போகாது." சட்டம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பீஸ் ரேட்டை மேலே இருக்கும் கம்பெனி முடிவு செய்கிறது. பில் போட்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வருகிறது. சனிக்கிழமை சம்பளம் மட்டும் தள்ளிப்போக முடியாது.

அந்த ஒன்பது பேருக்கு வேறு என்ன வழி? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் 18,000 வாங்கும் டர்னரின் ஆண்டு வருமானம் 2,16,000. தனியார் பாலிசி எடுக்கலாம் என்றால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம். பிரீமியமும் வயதோடு சேர்ந்து ஏறும். அரசு மருத்துவமனை இருக்கிறது. உண்மையில் நம்மைத் தாங்கிக்கொண்டிருப்பது அதுதான். ஆனால் அவசரத்தில் ஆட்டோ எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது நமக்குத் தெரியும். ஏழை என்று நிரூபிக்கவும் முடியாது, பிரீமியம் கட்டவும் முடியாது என்று இப்படி நடுவில் நிற்பவர்களை நிதி ஆயோக் 2021 அறிக்கையில் 'விடுபட்ட நடுப்பகுதி' என்ற பொருளில் குறிப்பிட்டது. குறைந்தது 40 கோடிப் பேர் என்றது.

என் கதைக்கு வருகிறேன். நான் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். சேர்ந்த அன்றே குரூப் பாலிசி. காத்திருப்புக் காலம் இல்லை, மெடிக்கல் டெஸ்ட் இல்லை. இதை என் திறமைக்குக் கிடைத்த சலுகை என்று ஹெச்.ஆர். மெயில் சொல்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் என் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துவிடும்.

கணக்குக்காக, ஒரு வருஷத்தில் நூறில் ஒருவருக்கு 3 லட்சம் செலவாகும் நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாகத் தலைக்கு 3,000 ரூபாய். 5,000 பேர் இருக்கும் கம்பெனியில் 50 பேர் படுக்கலாம். புள்ளியியல்படி பெரும்பாலான வருஷங்களில் அந்த எண் 36-க்கும் 64-க்கும் நடுவில் நிற்கும். 64 பேர் படுத்தாலும் தலைக்கு 3,840தான். இப்போது ஒன்பது பேர் பட்டறை. நூறு வருஷத்தில் சுமார் 91 வருஷம் ஒன்றுமே நடக்காது. மீதி வருஷங்களில் ஒருவர் விழுந்தாலே தலைக்கு 33,333. சராசரி அதே 3,000தான். ஆனால் அந்தச் சராசரியில் அவர்களால் வாழ முடியாது. எனக்கு மலிவாகக் கிடைப்பது என்னுடன் இருக்கும் 4,999 உடல்களால். அவர்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததுகூட இல்லை.

அப்படியானால் பட்டறையில் ஒருவர் விழுந்தால் என்ன ஆகும்? மாமாவிடம் இருந்த ஒரு டர்னர் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மாமா வட்டிக்கு வாங்கி ஒன்றரை லட்சம் கட்டினார். அட்வான்ஸ் கணக்கில் எழுதிக்கொண்டார், வட்டி போடவில்லை. நல்ல மனசு, சந்தேகமே இல்லை. அதன்பிறகு நான்கு வருஷம் அந்த அண்ணன் சம்பளம் உயர்த்திக் கேட்கவில்லை. சிட்கோவில் 4,000 ரூபாய் கூடுதலாகக் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் மறுப்பதில்லை. "மொதலாளி கை குடுக்கலைனா நான் இல்லீங்க தம்பி. எப்படிங்க போறது?" என்றார்.

'சின்ன இடத்துல இன்சூரன்ஸ் எதுக்கு, எல்லாரும் குடும்பம் மாதிரி' என்பார்கள். அதற்கு இந்த நான்கு வருஷம்தான் என் பதில். செய்ந்நன்றி அறிதலுக்குக் குறளில் பதினோராவது அதிகாரமே இருக்கிறது. நன்றி உயர்ந்த குணம், மறுக்கவில்லை. ஆனால் உயிர் பிழைத்ததற்கான நன்றியைத் தினமும் வேலைக்கு வந்து செலுத்த வேண்டியிருந்தால் அதன் பெயர் நன்றிதானா? மாமா அதைக் கேட்கவில்லை. கேட்காமலே நடந்தது. யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லாமலே ஒரு மனிதரின் 'முடியாது' என்ற சொல் காணாமல் போனது.

காப்பீட்டை நாம் வறண்ட விஷயமாக, பாரம் நிரப்பும் வேலையாகப் பார்க்கிறோம். எனக்கு அதன் அழகே அந்த வறட்சிதான். எனக்கு அறுவை சிகிச்சை நடந்தால் யாருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை. பணம் வருவது முகம் தெரியாதவர்களிடமிருந்து. மறுநாளே ராஜினாமா செய்யலாம், மேனேஜரோடு சண்டை போடலாம். கருணை நமக்குத் தெரிந்தவர்கள் வரைதான் போகும், அவர்களிடமே நம்மைக் கட்டியும் போடும். ஒன்பது பேர் இடத்தில் இருப்பவருக்கு மறுக்கப்படுவது பணத்தோடு சேர்த்து இந்தச் சுதந்திரமும்தான்.

சிகிச்சை வேலையோடு ஒட்டிக்கொண்டது இயற்கை விதி இல்லை. 1883-இல் பிஸ்மார்க் ஜெர்மனியில் தொழிலாளர்களை வைத்து ஆரம்பித்தார். அமெரிக்காவில் 1942-இல், போர்க்காலத்தில் சம்பள உயர்வைக் கட்டுப்படுத்தியபோது, ஆளைப் பிடிக்க நிறுவனங்கள் காப்பீட்டைக் காட்டத் தொடங்கின. அங்கேயும் ஓர் எண் இருக்கிறது: 2010 சட்டப்படி முழுநேர ஊழியர் ஐம்பது பேர் இருந்தால்தான் முதலாளிக்குப் பொறுப்பு. 49 ஆனால் விதி வேறு.

'விருப்பப்பட்டவங்க சேரட்டும்' என்பது நியாயமாகப் படும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பத்துக்குக் குறைவான இடங்கள், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒத்துக்கொண்டால் ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்கிறது. கதவு திறந்ததில் சந்தோஷம். ஆனால் யார் முதலில் உள்ளே வருவார்கள்? ஏற்கெனவே நோயாளி இருக்கும் பட்டறைதான். ஆரோக்கியமான பட்டறை 'அப்பறம் பாத்துக்கலாம்' என்று வெளியே நிற்கும். நல்ல ரிஸ்க் வெளியேறினால் சந்தையே சரியும் என்பதைத்தான் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார், முதியவர்களின் காப்பீட்டையும் அதில் உதாரணமாகச் சொன்னார். 'நான் நல்லாத்தான இருக்கேன், எதுக்குக் கட்டணும்?' என்று கேட்கும் இருபத்தைந்து வயசுப் பையனும், 'குடிக்கறவனுக்கு நான் ஏன் கட்டணும்?' என்று கேட்பவரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நோயாளிகள் வேறு, நாம் வேறு என்று நினைக்கிறார்கள். அது காலக்கணக்கு மட்டும்தான்.

ஆகவே எல்லோருக்கும் கட்டாயம் என்பதே சரி என்று நினைக்கிறேன். கடையின் அளவைக் கேட்காமல், ஒருவர் இருந்தாலும். சுமையை மாமா தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். 18,000 சம்பளத்தில் ஒன்பது பேருக்கு முதலாளி பங்கு மாதம் 5,265 ரூபாய். பெரிய கம்பெனிக்கு அது ஒரு மீட்டிங்கின் டீ, பிஸ்கட் செலவு. மாமாவுக்கு ஒரு மாத நிம்மதி. ஜாப் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி பீஸ் ரேட்டில் இதைச் சேர்க்கலாம், அரசு ஒரு பங்கு ஏற்கலாம். கம்பெனி சேர்த்தால் பம்பின் விலை சில ரூபாய் ஏறும்.

அந்தச் சில ரூபாயைத்தான் நாம் இதுவரை கொடுக்காமல் இருந்திருக்கிறோம். நம் வீட்டு மோட்டார் மலிவாகக் கிடைத்ததில், எடுக்கப்படாத அந்தப் பத்தாவது ஆளுக்கும், 'முடியாது' சொல்ல முடியாத அந்த அண்ணனுக்கும் பங்கு இருக்கிறது. நன்றிக்கடன் என்ற சொல்லை இந்த விஷயத்தில் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், கடன்பட்டவர் அவர் இல்லை.