நாள் குறிப்பதும் நடத்திக் கொடுப்பதும்

கருடக் கொடி ஏறுவதை ஸேவிக்கும் அடியார்கள், அன்றுதான் உத்ஸவம் தொடங்குகிறது என்று எண்ணுவது இயல்பு. கோயிற் கணக்கோ அப்படி அன்று. அது முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி வருகிறது. தீர்த்தவாரி எந்தத் திருநக்ஷத்திரத்தில் அமைய வேண்டும் என்பது முதலில் நிச்சயமாகிறது. அதிலிருந்து நாட்களைப் பின்னோக்கி எண்ணி த்வஜாரோஹணம் குறிக்கப்படுகிறது. அதற்கும் முன்னே அங்குரார்ப்பணம். திருமலையில் புரட்டாசித் திருவோணத்தன்று சக்ரஸ்நானம் அமையும்படி ப்ரஹ்மோத்ஸவ நாட்கள் வகுக்கப்படுவது யாவரும் அறிந்ததே.

முடிவை முதலில் நிறுத்திக்கொண்டு, அதற்கு முன் எது, அதற்கும் முன் எது என்று இறங்கி வரும் இக்கணக்கிலே பல கைங்கர்யங்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. தேர்க்காலையும் அச்சையும் தச்சர் பார்த்துச் சரி செய்யாமல் மேலே மூங்கில் கட்டிச் சீலை போர்த்துவதில் பயனில்லை. விறகும் வெல்லமும் நெய்யும் வந்து சேராமல் மடைப்பள்ளியில் தளிகை ஏறாது. தளிகை ஆகாமல் திருவாராதனம் நிறைவு பெறாது. திருவாராதனம் நிறைவு பெறாமல் புறப்பாடு இல்லை. முதற்கண்ணியில் நேர்ந்த ஒரு நாழிகைத் தாமதம் கடைசிக் கண்ணியில் இரண்டு நாழிகையாக வளர்ந்து நிற்பதும் உண்டு.

இங்கே ஒரு வினா எழுகிறது. அவனன்றி ஓர் அணுவும் அசையாது என்று நம்பும் ஸ்ரீவைஷ்ணவனுக்கு இத்தனை முன்னேற்பாடு எதற்கு? பாரத்தை எல்லாம் அவன் திருவடியில் வைத்தவன் பட்டியல் எழுதிக்கொண்டு உட்காரலாமா? திட்டமிடுவது விச்வாஸக் குறைவு ஆகாதா?

வினா எளிதாகத் தோன்றினும் தள்ளத்தக்கது அன்று. "எல்லாம் பெருமாள் பார்த்துக் கொள்வார்" என்று சொல்லிவிட்டு விறகுக்குச் சொல்லியனுப்பாமல் இருந்தவரை எந்த ஊரிலும் காணலாம். அவர் சொன்னது பக்தியின் வார்த்தை போலவே ஒலிக்கும். உத்ஸவத்தன்று விடியற்காலையில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவப்பவர் அவரல்லர், மடைப்பள்ளியில் நிற்கும் பரிசாரகர். ஒருவர் பெருமாளிடம் ஒப்படைத்ததாகக் கூறிய பாரம் உண்மையில் இன்னொரு மனிதனின் தலையில் இறங்கியிருக்கிறது. சரணாகதியில் ஒப்படைக்கப்படுவது ஆத்மரக்ஷண பாரம். அதை ஒப்படைத்தபின் ஜீவனுக்கு எஞ்சுவது சோம்பல் அன்று, கைங்கர்யமே. கைங்கர்யத்தின் பாரத்தையும் அவன்மேல் போட்டுவிட்டுக் கைகட்டி நிற்பதைப் பூர்வாசாரியர்களில் எவரும் ப்ரபத்தி என்று சொன்னதில்லை.

பாஞ்சராத்ரம் கூறும் பஞ்சகால வகுப்பு இதற்குத் தெளிவான சான்று. அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்று ஒரு நாளின் பொழுது ஐந்தாகப் பிரிக்கப்படுகிறது. ஸ்வாமி தேசிகன் தமது ஸ்ரீபாஞ்சராத்ர ரக்ஷையில் இம்முறையை விரிவாக நிலைநாட்டியுள்ளார். இவற்றுள் இரண்டாவதாகிய உபாதானம் என்பது பூவும் துளசியும் திரவியங்களும் தேடிச் சேர்ப்பது. அது பூஜைக்கு முன் செய்யும் வெறும் ஆயத்தமாக விடப்படவில்லை; பகவானுக்கு உரிய ஐந்து காலங்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. பூக்குடலையைக் கையில் எடுத்து நந்தவனத்துக்கு நடப்பவனும் அந்த நேரத்தில் ஆராதனத்திலேயே இருக்கிறான்.

அப்படியானால் திட்டமிடுபவனே எல்லாம் செய்பவனா? அதுவும் அன்று. கீதையின் பதினெட்டாம் அத்யாயத்தில் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் கூறப்படுகின்றன. சரீரம், கர்த்தாவாகிய ஜீவன், கரணங்கள், பலவகைப்பட்ட சேஷ்டைகள், ஐந்தாவதாக தைவம். இந்த ஐந்தாவதை அந்தர்யாமியான பரமாத்மா என்றே உடையவர் வியாக்கியானித்தார்; செயல் நிறைவேறுவதற்கு அவனே ப்ரதான ஹேது என்றும் காட்டினார். ஜீவன் செய்யும் முதல் முயற்சியை நோக்கியே ஈச்வரன் அனுமதி தந்து செயலை நடத்துகிறான் என்பது ஸ்ரீபாஷ்யத்தின் நிர்ணயம். ஆகவே நாள் குறிப்பவன் ஐந்தில் ஒருவன். ஐந்தில் ஒருவனாக இருந்து ஐந்துக்கும் சேர்த்து வாக்குக் கொடுக்கும்போதுதான் அவன் தவறுகிறான்.

மேனாட்டாரின் நிர்வாக சாஸ்திரமும் தன் வழியில் இதை ஒருவாறு உணர்ந்தது என்பது சுவையான செய்தி. பெரிய வேலைகளைச் சிறு வேலைகளாகப் பிரித்து, எதற்குப்பின் எது என்று வலைப்பின்னலாக வரைந்து, அதில் நீண்ட தொடரைக் கண்டுபிடிக்கும் முறையை அமெரிக்காவில் 1957-ஆம் ஆண்டையொட்டி டூபாண்ட் நிறுவனத்தார் வகுத்தனர். அடுத்த ஆண்டில் அந்நாட்டுக் கடற்படையினர் பெர்ட் என்னும் முறையை அமைத்தனர். இதில் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று காலங்கள் கேட்கப்படுகின்றன: எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள், இயல்பாக எத்தனை நாள், தடைகள் வந்தால் எத்தனை நாள். நடுவிலுள்ளதை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுப்பர். தேர்ச் சக்கரம் ஒன்றைச் செப்பனிட 6, 9, 18 நாட்கள் என்று தச்சர் சொன்னால் கணக்கு 10 நாள் என வரும். எண்ணைவிடக் கேள்வியே இங்கு பெரிது. தடை வந்தால் என்ன ஆகும் என்று தொடக்கத்திலேயே கேட்பவன், தன் வசத்தில் இல்லாத ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறான். அதற்கு அவர்கள் தைவம் என்று பெயரிடவில்லை, அவ்வளவே.

நாள் குறிப்பதிலுள்ள தர்மஸங்கடத்தை ஸ்ரீமத் ராமாயணத்தைப் போல் நுட்பமாகக் காட்டிய நூல் அரிது. பிராட்டியைத் தேட ஸுக்ரீவன் வகுத்த ஏற்பாட்டை முதலில் பார்க்கலாம். கிழக்கே வினதன், மேற்கே ஸுஷேணன், வடக்கே சதபலி, தெற்கே அங்கதன் தலைமையில் அனுமன் முதலியோர் என்று நான்கு சேனைகள். எந்தத் திக்கில் என்ன மலை, என்ன நதி, எதுவரை செல்லலாம் என்பதெல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டன. நல்ல திட்டம். ஆனால் கெடு ஒரு மாதம். தவறினால் மரண தண்டனை.

மூன்று சேனைகள் கெடு தவறாமல் திரும்பின, வெறுங்கையுடன். தெற்கே போனவர்களோ பசியாலும் தாகத்தாலும் ஒரு பிலத்துள் புகுந்து நாட்களை இழந்தார்கள். ஸ்வயம்ப்ரபையின் உதவியால் வெளியே வந்து பார்த்தால் மாதம் கடந்துவிட்டது. கடற்கரையில் அங்கதன் என்ன செய்தான்? தேடுவதை விட்டு, ஊர் திரும்பினால் உயிர் போகும் என்று அஞ்சி, உண்ணாமல் உயிர்விடத் தர்ப்பையில் படுத்தான். வேலையை விரைவுபடுத்த இட்ட கெடு, வேலையையே நிறுத்திவிட்டது. ஸம்பாதி என்னும் கழுகரசன் ஜடாயுவின் பெயரைக் கேட்டு அங்கு வராதிருந்தால் காரியம் அந்தக் கரையிலேயே முடிந்திருக்கும். எந்தப் பட்டியலிலும் எழுதப்படாதவன் ஸம்பாதி. ஐந்தாவது காரணம் இறக்கை கருகிய கழுகாக வந்தது என்றே கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. மழைக்காலம் கழிந்ததும் படை திரட்டுவதாக வாக்களித்து, போகத்தில் மூழ்கி நாள் தவறியவன் இதே ஸுக்ரீவன். இளையபெருமாள் வில்லோடு வாயிலில் வந்து நின்ற பிறகே நடுங்கினான், மன்னிக்கவும் பட்டான். தன் தாமதம் பொறுக்கப்பட்ட சில நாட்களுக்குள் பிறர் தாமதத்துக்கு மரணத்தை விதித்தான். எத்தனை அலுவலகங்களில், எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கிஷ்கிந்தை தொலைவில் இல்லை.

ஆயினும் ஸுக்ரீவனைக் குறைத்துச் சொல்லிவிடுவதும் நியாயமாகாது. தெற்கே போன வானரர்கள் திரும்புகையில் மதுவனத்தை அழித்தார்கள் என்று ததிமுகன் முறையிட வந்தபோது அவன் சினம் கொள்ளவில்லை. கெடு தவறியவர்கள் இப்படிக் களிக்கிறார்கள் என்றால் பிராட்டியைக் கண்டிருக்கிறார்கள் என்று ஊகித்து மகிழ்ந்தான். மரண தண்டனையைப் பற்றிப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. கெடு எதற்காக இடப்பட்டதோ அந்தக் காரியம் கைகூடியபின், கெடுவைத் தூக்கிப் பிடிக்காத பெருந்தன்மை அவனுக்கு இருந்தது.

கெடுக்கள் எல்லாம் ஒரு வகை அல்ல. அசோகவனத்தில் பிராட்டி, இன்னும் ஒரு மாதமே உயிர் தரிப்பேன் என்று அனுமனிடம் கூறியது ஒரு கெடு. பதினான்கு ஆண்டு நிறைந்ததும் பெருமாளைக் காணாவிடில் தீப்புகுவேன் என்று பரதாழ்வான் கொண்ட உறுதியும் ஒரு கெடு. அதை மறவாமல்தான் பரத்வாஜ ஆச்ரமத்திலிருந்து அனுமனை முன்னே அனுப்பினான் ராகவன். இவை ஒரு ஜீவனின் துன்பத்திலிருந்து பிறந்தவை, நீட்டிக்கக் கூடாதவை. அதிகாரத்திலிருந்து மட்டும் பிறக்கும் கெடு வேறு. இரண்டையும் ஒரே குரலில் சொல்லிப் பழகியவர் சொல்லுக்கு, உண்மையான அவசரம் வரும்போது மதிப்பிராது.

இனி ஸேதுவைப் பார்க்கலாம். மூன்று இரவுகள் கடலரசனை நோக்கித் தர்ப்பையில் கிடந்து, பின் வில்லெடுத்த பெருமானிடம் கடலரசன் வந்து சொன்ன உபாயம் என்ன? உன் சேனையிலேயே விச்வகர்மாவின் புதல்வனான நளன் இருக்கிறான், அவன் அணை கட்டட்டும் என்பதுதான். நளனும் தன்னால் இயலும் என்றான். இதுவரை ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவன் கூறிய காரணம், தன்னை எவரும் கேட்கவில்லை என்பதே. கேளாமல் தன் பெருமையைத் தானே கூறிக்கொள்வது முறையன்று என்று இருந்துவிட்டான். வேலை தெரிந்தவன் சேனைக்குள்ளேயே இருந்தான். அவனைக் கேட்கத்தான் ஒருவரும் இல்லை. திட்டம் வகுப்போர் பல முறை நின்று வாசிக்க வேண்டிய இடம் இது.

பின்பு நடந்தது வேறு விதம். சிலர் நூல் பிடித்தார்கள், சிலர் அளவுகோல் பிடித்தார்கள், சிலர் மரமும் பாறையும் கொணர்ந்தார்கள். தென்னாட்டில் பாராயணம் செய்யும் பாடத்தின்படி முதல் நாள் 14 யோஜனை, இரண்டாம் நாள் 20, மூன்றாம் நாள் 21, நான்காம் நாள் 22, ஐந்தாம் நாள் 23, ஆக 100. முதல் நாள் குறைவு. கை பழகாத நாள் அது. பிறகு ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. ஸேனையைக் குறித்து இங்கே மரண பயம் எதுவும் பேசப்படவில்லை. அறிந்தவன் சொல்ல மற்றவர் கேட்டுச் செய்தனர்; அவ்வேலையில் களைப்பு வளரவில்லை, வேகம் வளர்ந்தது.

திருக்கோயில்களிலும் இதே நியாயம் செல்லும். புறப்பாட்டு நேரத்தை அச்சிடுமுன் ஸ்ரீபாதம் தாங்கிகளைக் கேட்டதுண்டா, தேர் திரும்பும் முடுக்கில் முட்டுக்கட்டை போடுகிறவரைக் கேட்டதுண்டா என்பது சிறு கேள்வி அன்று. வீதியின் முதல் மண்டகப்படியில் மரியாதைகள் நீண்டால், அதன் விலையைத் தோளில் கொடுப்பவர்கள் தாங்கிகள். கடைசி வீதியில் கற்பூரத் தட்டோடு திண்ணையில் காத்திருக்கும் முதியவளும் கொடுக்கிறாள். அவள் பெயர் எந்த அழைப்பிதழிலும் இருப்பதில்லை. பெருமாள் ஒருவருக்காக நின்று இன்னொருவரைக் காக்க வைப்பதாகத் தோன்றச் செய்வது, நேரம் குறித்தவர்களின் அஜாக்கிரதையே அன்றி அவன் திருவுள்ளம் அன்று.

திருவரங்கத்து ராஜகோபுரத்தின் கதை இவ்வழக்கில் ஒரு தனி அத்தியாயம். விஜயநகர காலத்தில் அடித்தளம் எழுந்து, மேலே வளராமல் பல நூற்றாண்டுகள் மொட்டையாகவே நின்றது. அஹோபில மடத்து நாற்பத்து நான்காம் பட்டம் அழகியசிங்கர், எண்பது வயதைக் கடந்த நிலையில் 1979-இல் திருப்பணியைத் தொடங்கினார். பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரமாக அது நிறைந்து 1987 மார்ச் 25 அன்று ஸம்ப்ரோக்ஷணம் கண்டது. தள்ளாத வயதில் தொடங்கியவர் முடிவைக் கண்டார். கல்லடுக்கத் தொடங்கிய முன்னோர் காணவில்லை. ஆனால் காணாதவர்கள் அடுக்கிய கல்லின் மேல்தான் மற்றவை எழுந்தன. அவர்கள் திட்டம் தோற்றது என்று எவரும் சொல்லத் துணியார்.

தீர்த்தவாரி முடிந்து கொடியிறங்கிய இரவில் வீதியில் கூட்டம் கலைந்திருக்கும். தேர்முட்டியில் மட்டும் ஒரு விளக்கு எரியும். வடத்தை முழம் முழமாகக் கையில் வாங்கி, எந்த இடத்தில் புரி தேய்ந்திருக்கிறது என்று ஒருவர் தடவிப் பார்த்துக் கொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவர் அதை அடுத்த ஆண்டுக் கணக்கில் எழுதிக் கொள்வார்.