வாங்குகிறவர் குனியலாமா?

தர்மம் செய்வது நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கேள்வி வேறு. தர்மத்தை வாங்குகிறவர் தலை குனிந்துதான் வாங்க வேண்டுமா?

கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட உதவுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் பல ஊர்களில் நடப்பது என்ன? விழா மேடையில் பிள்ளையை ஏற்றி, தகப்பன் பெயரையும் சேர்த்துச் சொல்லி, "ஏழை மாணவி" என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, காசோலையை நாலு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். மறுநாள் அது பிளக்ஸில் தொங்குகிறது. அந்தப் பிள்ளை திங்கட்கிழமை அதே தெரு வழியாகத்தான் கல்லூரிக்குப் போக வேண்டும்.

தலைப்பாகை கட்டத் தடை இருந்த காலத்தில், தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்று கும்பிடச் சொன்னவர் ஐயா. அவர் பிள்ளைகள் ஒரு பிள்ளையைக் குனியவைத்துக் கொடுத்தால் அதற்குத் தர்மம் என்று பெயர் வைக்க முடியுமா?

கம்பம் பள்ளத்தாக்கிலேயே வேறு வழி காட்டியவர்கள் உண்டு. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் 1956-ல் ஹவுதியா கல்லூரியைத் தொடங்கினார். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். பிள்ளை வகுப்பில் போய் உட்கார்ந்தால் போதும். கொடுத்தவர் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

தேனியில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை இன்னும் யோசிக்க வைக்கும். டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணியிருந்தன. அந்த விரல்களால்தான் அறுவை செய்தார். தேனிக் கிளை 1985-ல் வந்தது. பணம் கட்டுகிறவர்களின் பணம் கட்ட முடியாதவர்களையும் தாங்குகிறது. எந்தப் பக்கம் போவது என்பது நோயாளியின் இஷ்டம். "நீ ஏழைதானா, சான்று எங்கே?" என்று யாரும் கேட்பதில்லை. அறுவை செய்வதும் அதே டாக்டர்கள்தான்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை அதிகம். இலவசப் பக்கம் வந்த பாட்டிகள் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு திரும்பினார்கள். 1992-ல் மதுரையில் ஆரோலாப் தொடங்கி, வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் துணையோடு லென்ஸை இங்கேயே செய்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது. பாட்டிக்கும் லென்ஸ் கிடைத்தது. ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் தர்மம்தான். என்ன, அதைப் படம் பிடித்துப் பேனரில் போட முடியாது. அதனால்தானோ என்னவோ கொடுப்பவர்கள் குறைவு.

கேட்காமல் கொடுத்தால் ஏமாற்றுக்காரர் வருவாரே என்பார்கள். வருவார். பணம் கட்டக்கூடிய சிலர் இலவச வரிசையில் நின்றிருக்கலாம். அதனால் ஆஸ்பத்திரி மூடப்படவில்லை. உதவித்தொகைக்கு ஒதுக்கிய பணம் கொஞ்சமாக இருக்கும்போது விசாரிக்கத்தான் வேண்டும், அது நியாயம். விசாரிப்பதற்கு மைக் எதற்கு? எந்தப் பிள்ளை கட்டணம் கட்டாமல் தவிக்கிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும்.

விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். எந்த வீட்டு அரிசி எந்தப் பிள்ளையின் படிப்புக்குப் போனது என்று யாரால் சொல்ல முடியும்? காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

பதியோ தாங்கலோ, உதவ நினைக்கிறவர்கள் பணத்தைக் கல்லூரி அலுவலகத்திலேயே கட்டி, ரசீதை மட்டும் பிள்ளையின் வீட்டில் சேர்க்கலாம். கணக்கு நோட்டில் தொகை இருந்தால் போதும், பெயர் வேண்டாம். கண் முகாமுக்கு ஆகும் செலவை ஏற்கிறவர்களும் அப்படியே செய்யலாம். போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு அம்மா கண் தெளிந்து திரும்பி வந்தால், பச்சையை ஒரு பக்கமும் வெளிறியதை ஒரு பக்கமும் ஒதுக்கி அன்றாடக் கூலியை வாங்கிக்கொள்வார். முகாமுக்குப் பணம் கொடுத்தவர் அந்த வழியாக நடந்துபோனாலும் அவர் எழுந்து நிற்க வேண்டியிருக்காது.