கேட்பார் உள்ள தெரு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையை. அடுத்து அட்வான்ஸ், பிறகு தண்ணீர், பிறகு கம்பெனி பஸ் எங்கே நிற்கும் என்பது. தெரு எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தம் முடிந்தால் காலி செய்துகொண்டு போகப் போகிறோம், தெரு எப்படி இருந்தால் என்ன என்ற நினைப்புதான். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் உதிரிபாகக் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவள் நான். இந்த வட்டாரத்திலேயே வீடு மாறி மாறி, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இங்கேயே தங்கிவிட்டேன். சம்பளத்துக்கு அடுத்தபடியாக என் வாழ்க்கையை ஆக்கியதும் அலைக்கழித்ததும் நான் குடியிருந்த தெருக்கள்தான்.

முதலில் ஹாஸ்டல். பெங்களூரு நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு சந்தில் மூன்று மாடிக் கட்டடம். பஸ் ஹாஸ்டல் கேட்டில் ஏற்றும், கம்பெனி கேட்டில் இறக்கும். எதிரே ஒரு டீக்கடை இருந்தது. அதன் பாய்லர் சத்தம் எங்கள் அறைவரை கேட்கும். அங்கே நின்று ஒரு டீ குடிக்க ஞாயிற்றுக்கிழமைதான் முடியும், அதுவும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு. எங்களைப் பார்த்துக்கொள்ள வார்டன் இருந்தார், வாட்ச்மேன் இருந்தார், படிக்கட்டில் கேமரா இருந்தது. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் எழ முடியாமல் கிடந்தபோது, அறையில் இருந்தவர்கள் எல்லாம் வேறு வேறு ஷிப்டில் போய்விட, என்னிடம் வந்த ஒரே கேள்வி லீவு லெட்டர் கொடுத்தாயா என்பதுதான். என்னை இத்தனை பேர் கவனிக்கிறார்கள், என்னை யாருக்கும் தெரியவில்லை. அந்த இருபது வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியாது. அழுகைதான் வந்தது.

அதன்பின் நாலு பேர் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூர் ஊருக்குள், ஆதிகேசவப் பெருமாள் கோயில் பக்கம் ஒரு மாடி போர்ஷன் எடுத்தோம். பழைய தெரு. காலையில் வாசல் தெளிக்கும் சத்தம், கோயில் மணி, வீட்டுத் திண்ணையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள். சித்திரையில் இராமாநுசர் அவதார உற்சவம் வந்தால் பத்து நாளும் வெளியூர்க் கூட்டம். நைட் ஷிப்ட் முடித்து யூனிபாரத்தோடு வரும் நாங்கள் கூட்டத்துக்குள் புகுந்து வீட்டுக்குப் போவோம். அந்தத் தெருவில் எல்லாரும் எல்லாரையும் கேட்டார்கள். எந்த ஊரு, அப்பா என்ன பண்றாரு, கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு. வீடு பார்க்கப் போனபோது சுற்றி வளைத்து, நீங்க என்ன ஆளுங்க என்ற கேள்வியும் வந்தது. என் தோழி ஒருத்திக்கு அந்தக் கேள்வியோடு வீடு இல்லை என்றாகிவிட்டது. நேற்றுவரை பூட்டிக் கிடந்த போர்ஷனுக்கு, அவள் பதில் சொன்ன மறு நிமிடம் சொந்தக்காரர் யாரோ வருவதாக ஆகிவிட்டது.

இது நடந்தது 1017இல் இராமாநுசர் பிறந்த ஊரில் என்பதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வைணவ மரபு சொல்லும் கதை ஒன்று உண்டு. பூந்தமல்லிக்காரரான திருக்கச்சி நம்பி, காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீச இந்த ஊர் வழியாகத்தான் நடந்து போவாராம். அவர் அந்தணர் அல்லர். தெருவில் போகும் அவருடைய முகத்தைப் பார்த்த சிறுவன் இராமாநுசன், நீங்கள் யார் என்று கேட்டு, வீட்டுக்கு அழைத்து, சாப்பாடு போட்டு, கால் பிடித்துவிடவும் உட்கார்ந்துவிட்டான். தம் பிறப்பைச் சொல்லி நம்பிதான் அதற்குச் சம்மதிக்கவில்லையாம். யார் நீ என்ற அதே கேள்விதான். அந்தச் சிறுவன் கதவைத் திறப்பதற்காகக் கேட்டான். என் தோழியிடம் கதவைச் சாத்துவதற்காகக் கேட்டார்கள். தெருவாசம் என்றாலே மனம் உருகுகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்வியையும் நினைத்துக்கொண்டு உருக வேண்டும். யாருக்கும் யாரையும் தெரியாத சந்தில் அறை எடுத்துக்கொண்ட பிறகு என் தோழி நிம்மதியாகத்தான் இருந்தாள். அங்கே அவள் ஒரு ரூம் நம்பர், அவ்வளவுதான். அந்த நிம்மதியை யாரும் குறைத்துப் பேசக் கூடாது.

கல்யாணத்துக்குப் பிறகு வல்லம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். அரசின் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்தவர்கள், கிடைத்த பணத்தில் மிச்சமிருந்த மனையில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். லைன் வீடு. ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகை, இன்னொரு பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள் துவைத்துக் காயப்போட்ட நீலச் சட்டைகள். ஊர்க்காரர்களைவிடக் குடிவந்தவர்கள் அதிகம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.

அந்தத் தெருமுனையில் ஓர் ஆயா இட்லி சுட்டு விற்றார். எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தின் மிக முக்கியமான ஆள் அவர்தான். விடியற்காலை ஏ ஷிப்ட் பஸ்ஸுக்குப் போகிறவர்களும், நைட் முடிந்து இறங்குகிறவர்களும் சந்திக்கும் ஒரே இடம் அவருடைய அடுப்படி. ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டு, “கண்ணு, அந்த ஒல்லிப் பையன், நாலு இட்டிலி வாங்கினு போவானே, ரெண்டு நாளா ஆளக் காணோம். இன்னான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாயேன்” என்றார். போய்ப் பார்த்தால், பையன் காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடக்கிறான். கூட இருந்தவர்களுக்குத் தொடர்ந்து ஓ.டி.; வந்து விழுந்து தூங்கிப் போயிருக்கிறார்கள், அவன் தூங்குகிறான் என்றே நினைத்திருக்கிறார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். ஆயாவுக்கு அந்தப் பையனின் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, சாதி தெரியாது. எத்தனை இட்லி சாப்பிடுவான் என்பது தெரியும். ஒரு மனிதனைக் காப்பாற்ற அவ்வளவு தெரிந்தாலே போதுமாக இருந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். கண்காணிக்கிற தெரு வேறு, கேட்கிற தெரு வேறு. வார்டனும் வீட்டுக்காரரும் நம்மைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார்கள், அப்படித் தெரிந்துகொள்வது அவர்களுடைய காரியத்துக்கு. ஆயாவுக்குத் தெரிந்தது கொஞ்சம், அது நம்முடைய காரியத்துக்கு.

நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ், 1961இல் வெளிவந்த, நகரங்களைப் பற்றிய தம் நூலில், தெருக்காரர்கள் தங்கள் வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதைப் பற்றி விரிவாக எழுதினார். சாவியை வாங்கி வைத்துக்கொள்வார், யார் எதற்கு வருகிறார்கள் என்று துருவமாட்டார், அப்படிப்பட்டவரிடம்தான் சாவி கொடுப்பார்கள் என்பது ஜேக்கப்ஸ் கண்டது. எங்கள் லைன் வீட்டுச் சாவியும் பெட்டிக்கடையில்தான் தொங்கும். நான் ஒரு ஷிப்ட், கணவர் ஒரு ஷிப்ட். ஆனால் அந்த அம்மையார் சொன்ன இன்னொன்று இங்கே பொய்த்துப் போகிறது. வேறு வேறு நேரத்தில் வேறு வேறு காரியமாக மனிதர்கள் நடமாடினால் தெரு உயிரோடும் பத்திரமாகவும் இருக்கும் என்றார். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம்வரை இருபத்து நாலு மணி நேரமும் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறார்கள். இருந்தும் தெரு காலி. ஏனென்றால் எல்லாரும் பஸ்ஸுக்குள் இருக்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வரும் ஆறு வழிச் சாலையில் புதுக் கார்களைச் சுமந்த டிரெய்லர்கள் போகும், வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள் போகும். நடந்து குறுக்கே கடக்கிறவர் பாடு அவருடையது. ஒரே வீட்டு வரிசையில் மூன்று ஷிப்டுக்காரர்கள் குடியிருந்தால், அவர்கள் ஒருவரையொருவர் ஒரு மாதம்கூடப் பார்க்காமல் இருக்க முடியும். ஒருவர் எழும்போது அடுத்தவர் படுக்கிறார்.

தெரு இருப்பதன், இல்லாமல் போவதன் விலை என்ன என்பது 2014இல் ஒரு மாதிரியாகவும் 2021இல் வேறு மாதிரியாகவும் தெரிந்தது.

2006 தொடக்கத்தில் உற்பத்தியை ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அடுத்த மாதமே ஸ்ரீபெரும்புதூரில் பாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. தெருத் தெருவாக டு-லெட் பலகை தொங்கியது. பெட்டிக்கடைக்காரர் கடன் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்குப் போய்விட்ட பிள்ளைகளில் சிலர் சில மாதம் கழித்து அவர் கணக்கில் பணம் போட்டுவிட்டுப் போன் செய்தார்கள். எவ்வளவு என்று நோட்டைப் பார்த்துச் சொல்லும்படிகூட யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கே நினைவிருந்தது. சில வருடம் குடியிருந்த தெருவுக்கும் கடன் பட்டிருப்பதாக நினைக்கும் மனிதர்கள் அவர்கள்.

2021 டிசம்பரில் நடந்தது இதைவிடப் பெரியது. சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. அது உண்மையில்லை. ஆனால் உண்மையா பொய்யா என்று அந்தப் பெண்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஆலையில் வேலை செய்கிறவர்கள் பல இடங்களில் பல விடுதிகளில் சிதறிக் கிடந்தார்கள். பக்கத்து விடுதிக்கு எட்டிப்பார்த்து, எங்க அந்தப் பொண்ணு என்று கேட்கத் தெரு இல்லை. அங்கே இட்லிக்கார ஆயா இல்லை, சாவி வைத்திருக்கும் கடைக்காரர் இல்லை. டிசம்பர் 17 இரவில் ஆயிரக்கணக்கில் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறியல் மறுநாளும் நீடித்தது. ஆலை மூடப்பட்டு, ஜனவரியில்தான் திறந்தது. அந்த இரவைப் போராட்டம் என்று எழுதினார்கள், சரிதான். எனக்கு அதில் இன்னொன்றும் தெரிகிறது. தினமும் ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த அந்தச் சாலைதான் அவர்கள் எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே தெரு. ஒருவரையொருவர் முகம் பார்த்து, நீ உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டுக்கொள்ள அவர்களுக்கு வேறு இடமில்லை. திருக்கச்சி நம்பி நடந்ததாகச் சொல்லும் அந்தப் பூந்தமல்லி – காஞ்சிபுரம் தடமும் இதுதான்.

அதற்குப் பிறகு அரசு சும்மா இருந்துவிடவில்லை. வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பை 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாய், 13 கட்டடத் தொகுதிகள், 18,720 பெண்கள் தங்கலாம். ஒரு தொகுதிக்கு 240 அறை, அறைக்கு ஆறு பேர். நான் இருந்த அந்தச் சந்து ஹாஸ்டலை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், நம் காலத்தில் இது இல்லாமல் போயிற்றே என்று தோன்றும். ஆனால் 18,720 பேர் என்பது ஓர் ஊர். அத்தனை பேர் வாழும் ஊரில் தையற்கடை இருக்கும், பூக்காரம்மா இருப்பார், பஞ்சர் ஒட்டுகிறவர் இருப்பார், வம்பளக்கத் திண்ணை இருக்கும். உள்ளே என்ன வசதி செய்து கொடுத்தாலும், வெளியே கேட்டை ஒட்டி நடந்து போக, நின்று பேச, பேரம் பேச ஒரு தெரு வேண்டும். கட்டில் கணக்குப் போட்டவர்கள் தெருவுக்கும் கணக்குப் போட வேண்டும். கடை வைக்க இடம், நிழல், விளக்கு, இரவு பத்து மணிக்கும் ஒரு பெண் பயமில்லாமல் நடந்துபோய்ச் சீப்பு வாங்கிவர ஒரு நடைபாதை. இதற்கு 706 கோடி ஆகாது.

பாதுகாப்பு என்பார்கள். பெற்றவர்கள் நம்பி அனுப்புகிறார்கள், மதில் வேண்டாமா என்பார்கள். என் மகளுக்கும் வயது ஏறுகிறது, அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் என் அனுபவத்தில் நான் பயந்து நடந்தது ஆள் இல்லாத தெருவில்தான். பி ஷிப்ட் முடிந்து இரவு இறங்கி நடக்கையில், எரிகிற ஒரு டீக்கடை விளக்கு கொடுத்த தைரியத்தை எந்த மதிலும் கொடுத்ததில்லை.

இப்போது நாங்கள் இருப்பது ஒரு நகர். வயலை மனை போட்டு விற்ற இடம். வீடு சொந்தம், கடன் வங்கியுடையது. முப்பதடிச் சாலை நேராக இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் கேட் உயரம், பாதி வீடு எப்போதும் பூட்டியிருக்கும், ஆள் இல்லாமலா தூங்குகிறார்களா தெரியாது. முனை வீட்டு மாடியில் கம்பெனிப் பெண்கள் ஐந்தாறு பேர் குடிவந்திருக்கிறார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் என்று, கோலமாவு வாங்கும்போது ஒரு பெண் சொன்னாள். அந்த முனையில் ஒருவர் டிபன் கடை போடக் கேட்கிறார், விடியற்காலையும் இரவும். குடியிருப்போர் சங்கத்தில் பலருக்கு விருப்பமில்லை. “கடை வந்தா ஆம்பளைங்க கூட்டம் சேரும்மா, அந்தப் பொண்ணுங்களுக்குத்தான் கஷ்டம்” என்கிறார் தலைவர். நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். “அந்தப் பொண்ணுங்களையே கேட்டீங்களாண்ணே?” என்றேன். கேட்கவில்லை. நான் போய்க் கேட்டேன். நைட் ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க நிற்கும் இடத்தில் விளக்கு இல்லை, கடை வந்தால் வெளிச்சம் இருக்கும், எப்ப அக்கா வரும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அவர்களில் ஷிப்ட் இல்லாத இரண்டு பேரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன்.