கடல் யாருடைய சொத்து?



கடல் மீனுக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆகையால் அகப்பட்டதையெல்லாம் வாரலாம் என்பது நியாயமா?

கனடா தேசத்து நியூபவுண்ட்லாந்துக் கரையில் காட் மீன் வற்றாத செல்வம் என்று எண்ணியிருந்தார்கள். 1950-களுக்குப் பின் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து வரைமுறையின்றி வாரின. 1992-ல் அரசு மீன்பிடியை நிறுத்தவே, சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். சிறு படகில் அளவோடு பிடித்த ஏழையும் அவர்களோடு சேர்ந்தே இழந்தான்.

நமது கிழக்குக் கரையிலும் மீன் முட்டையிட்டுப் பெருகும்பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்நாட்களில் அடுப்பெரிவது கடினம், மெய்தான். ஆயினும் இன்று வாரும் குஞ்சு, நாளை நம் பிள்ளையின் வலைக்கு வரவேண்டிய மீன் அல்லவா? அயலான் பொருளைத் தொட அஞ்சுகிற நாம், பிறவாத பிள்ளையின் பங்கைத் தொடலாமா? குஞ்சு மீனைக் கேட்டு வாங்குகிறவரும் இதற்கு உத்தரவாதி என்பதை மறவாதிருப்போம்.