குளித்த மோர்



எங்கள் பகுதி மாடித்தோட்டக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விதை கேட்பது, மண்புழு உரம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பது, முதன்முதலாகக் காய்த்த வெண்டைக்காயைப் பிறந்த பேரப்பிள்ளை மாதிரி படம் பிடித்துப் போடுவது. அங்கே நடப்பதெல்லாம் இவ்வளவுதான்.

போன வாரம் ஒருவர் தன் தக்காளிச் செடியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். இலையெல்லாம் கிண்ணம் போல மேல்பக்கம் சுருண்டு, கொழுந்து மஞ்சளித்துக் கிடந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். குழுவில் ஒரு பெரியம்மா உண்டு. எழுபதைத் தாண்டியவர். காய்ந்துகொண்டிருந்த என் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றச் சொல்லித் துளிர்க்க வைத்தவர். அவர்தான் முதலில் பதில் போட்டார்: "குளித்த மோரைத் தண்ணில கலந்து தெளிப்பா."

கண் மங்கலாகிவிட்டதால் அவர் தட்டுவதில்லை. போனிடம் வாயால் சொல்வார், அது எழுதிக்கொள்ளும். புளித்த என்று அவர் சொன்னது அதன் காதில் குளித்த என்று விழுந்திருக்கிறது.

விவரம் தெரிந்த ஒருவர் வந்தார். "மோர் எந்தக் குளத்தில் குளித்தது? இது வைரஸ். அடிப்படைகூடத் தெரியாமல் வைத்தியம் பார்க்க வந்துவிடுகிறார்கள்!"

ஐந்து நிமிடத்தில் 11 சிரிப்புப் பொம்மைகள். பதினோராவது நான் போட்டது.

சற்று நேரத்தில் பெரியம்மாவின் பதில் இருந்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று நின்றது. மறுநாள் தேடிப் பார்த்தேன், ஆளே குழுவில் இல்லை. முன்பெல்லாம் ஒருவர் விலகினால் எல்லோருக்கும் தெரியும். 2022க்குப் பிறகு அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகிறது. எழுந்து போன சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

அந்த மனிதர் சொன்ன விஷயம் சரிதான். இலைச்சுருட்டை வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது. செடிக்குள் புகுந்துவிட்டால் மோர் என்ன, எந்த மருந்துக்கும் கேட்காது. செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மற்றச் செடிகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடலாம். "அம்மா, இது மோருக்குக் கட்டுப்படாது, வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ்" என்றிருந்தால் வேலை முடிந்திருக்கும். சரியாகச் சொல்வது நமக்குப் போதவில்லை. எதிரில் இருப்பவர் முட்டாள் என்று நாலு பேர் பார்க்கச் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் 1,024 பேர் வரை சேரலாம். பெரிய கல்யாண மண்டபத்துக் கூட்டம் அது. மண்டபத்தில் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டியின் உச்சரிப்பைக் கேலி செய்வோமா? பக்கத்தில் இருப்பவரே சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். திருக்குறளில் அவையறிதல் 72ஆவது அதிகாரம், அவையஞ்சாமை 73. எது முன்னே, எது பின்னே என்று பாருங்கள். நாம் நேராக 73க்குப் போய்விடுகிறோம், அதுவும் தலைப்பை மட்டும் படித்துவிட்டு. சபையோடு சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து வருத்தப்படும் என்னைப் போன்றவர்கள் எந்த அதிகாரத்தில் வருவோமோ, தெரியவில்லை.

நேற்றுக் காலை, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தார்: "செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது, யாராவது சொல்லுங்களேன்." முந்நூறு பேர் இருக்கிறோம். இரவு வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதையாவது சொல்லப்போய், அதிலும் ஓர் எழுத்து மாறிவிட்டால்?

பெரியம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இன்றைக்குப் போன் போட வேண்டும். மாவுப்பூச்சியைப் பற்றி அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் அந்தப் பதினோராவது சிரிப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும்.