தெய்வத்தின் மேல் போட்ட பழி

ஹோமரின் இலியத்தில், டிராய் நகர வாசலில் அந்நகர இளவரசன் ஹெக்டரைக் கிரேக்க வீரன் அக்கிலிஸ் மட்டும் கொல்லவில்லை. அதீனா என்ற தெய்வமும் சேர்ந்துதான் கொன்றாள். ஹெக்டரின் தம்பி உருவில் வந்து, நானும் உன்னோடு நிற்கிறேன் என்று சொல்லி, ஓடிக்கொண்டிருந்தவனை நிறுத்தினாள். அக்கிலிஸ் எறிந்து குறி தவறிய ஈட்டியை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள். தன் ஈட்டியை வீசிவிட்டு இன்னொன்றுக்காக ஹெக்டர் தம்பியைத் தேடினான், அங்கே யாருமில்லை. இதையே ஒரு மனிதன் செய்திருந்தால் கயமை என்று காறித் துப்பியிருப்போம்.

நம் ஊருக்கு வருவோம். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டி, முன்பு திருவிதாங்கூர் நாட்டில் இருந்த ஊர். அந்த நாட்டை அதன் அரசர் மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் பத்மநாபசுவாமிக்கே எழுதி வைத்து, தான் பத்மநாபதாசன் என்றார். அதன் பிறகு அரசனை எதிர்ப்பது தெய்வக் குற்றம். ஆனால் அவர் பிடித்த அம்பலப்புழையிலும் தெய்வம் இருந்தது. செம்பகசேரி அரசர்கள் அங்குள்ள கிருஷ்ணன் பெயரால்தான் ஆண்டார்கள். கிருஷ்ணனே எதிரணியில் நிற்கிறான் என்று திருவிதாங்கூர் வீரர்கள் மிரண்டதாகவும், தளபதி டி லனாயின் கிறிஸ்தவ வீரர்களை முன்னால் விட்டு வென்றதாகவும் சொல்வார்கள். திருமாலோடு திருமால் சண்டை போடுவாரா? சண்டை இரண்டு அரசர்களுக்கு. செத்தது குடியானவன் வீட்டுப் பிள்ளை.

அந்தத் தெய்வ அரசில், மேலாடை போட்ட நாடார் பெண்களின் சீலையைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். மேலாடையை அனுமதித்து 1859இல் வந்த ஆணைகூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கோயில் கதவு திறக்க 1936 ஆயிற்று. போர்க்களத்தில் பக்கம் நின்ற தெய்வம் அந்தச் சந்தையில் ஏன் நிற்கவில்லை? பக்தர்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். கர்மவினை என்றார்கள், காலம் என்றார்கள். கிழித்தவன் கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பூதப்பாண்டி என்ற ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் வஞ்சினம் புறநானூற்றில் 71ஆம் பாட்டாக இருக்கிறது. பகைவரை முதுகு காட்டி ஓட வைக்காவிட்டால் தனக்கு என்னவெல்லாம் நேரட்டும் என்று அடுக்குகிறான். உயிரான மனைவியைப் பிரிய நேரட்டும். அறம் சொல்லும் அவையில் தகுதியற்ற ஒருவனை அமர்த்தி முறைகெட ஆண்டவன் என்ற பழி வரட்டும். மாவன், ஆந்தை, அந்துவன் சாத்தன் என்று பெயர் பெயராகச் சொல்லி, அந்த நண்பர்களோடு சிரித்திருக்கும் மகிழ்ச்சி போகட்டும் என்கிறான். எந்தத் தெய்வத்தையும் அவன் துணைக்கு அழைக்கவில்லை. அவன் போர்வெறியை நான் மெச்சவில்லை. ஆனால் பழியை அவன் தன் தலையில் ஏற்றுக்கொண்டான்.

சாமி பெயரைச் சொல்லிக் கம்பெடுக்கும் தம்பிமாரே, அடிப்பதற்கு முன் இதே மாதிரி ஒரு வஞ்சினத்தை உங்கள் பெயரில் சொல்லிப் பாருங்கள். அடிபடப்போகிறவனின் பெயரையும் அதில் சேர்த்துச் சொல்லுங்கள்.