பயிலுநனும் பெரிய வண்டியும்: அறிவுரையின் உரிமை பற்றிய ஒரு நோக்கு

புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்கும் இளைஞன் ஒருவன் வலுமிக்க வண்டியொன்றை வாங்க விரும்பும்போது, அது அவனுக்கு மிகப் பெரிது என ஒருவர் தடுப்பதும், பழகினாற் சரியாகிவிடும் என மற்றொருவர் ஊக்குவிப்பதும் எங்கும் காணப்படுவனவாகும். மேலோட்டமாக நோக்குமிடத்து இஃது இயந்திரம் பற்றிய விவாதமாகவே தோன்றும். ஆயின், ஒருவனது நன்மையைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது என்னும் அறவியற் பிரச்சினையே இதன் அடியில் உள்ளது.

முதலிற் 'பெரிது' என்னும் சொல்லின் பொருள் தெளிவுபடுத்தப்படல் வேண்டும். பிரித்தானியாவில் 1961ஆம் ஆண்டு முதல், பரீட்சையிற் சித்தியடையாத பயிலுநர் 250 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை ஓட்டுதல் தடுக்கப்பட்டது. உற்பத்தியாளரோ அவ்வெல்லைக்கு உள்ளேயே வலுவைப் பெருக்கினர். சுசுக்கி நிறுவனம் 1978இல் வெளியிட்ட எக்ஸ்-7 என்னும் 250 கன சென்ரிமீற்றர் வண்டி மணிக்கு 100 மைல் வேகத்தை எட்டவல்லது என விளம்பரப்படுத்தப்பட்டது. பயிலுநன் அதனைச் சட்டப்படியே ஓட்டலாம். 1983இல் அவ்வெல்லை 125 கன சென்ரிமீற்றராகக் குறைக்கப்பட்டதோடு வலுவுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. மாறாக, அவுஸ்திரேலியாவின் பல மாநிலங்களிற் பயிலுநருக்கு 660 கன சென்ரிமீற்றர் வரை இடமுண்டு; ஆயினும் வண்டியின் வலு, நிறையளவில் தொன்னுக்கு 150 கிலோவாற்றை மீறலாகாது. எனவே, பெரிது என்பது வண்டியில் மட்டும் உறையும் பண்பன்று. வண்டிக்கும் அதனைச் செலுத்துவோனது திறனுக்கும் இடையிலான தொடர்பே அது. செயலின் வலிமையோடு தன் வலிமையையும் சேர்த்து எண்ணுமாறு வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவதும் இத்தொடர்பையே.

இனி, அத்தொடர்பை அளப்பவர் யார்? ஜோன் ஸ்ருவேட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில், பிறருக்குத் தீங்கு விளையாதவிடத்து முதிர்ந்த ஒருவனைத் தடுக்கச் சமூகத்துக்கு உரிமையில்லை என வாதிட்டார். பழுதான பாலத்தைக் கடக்க முற்படுவோன் எதிர்நோக்குவது ஆபத்தின் சாத்தியம் மட்டுமேயாயின், அவனை எச்சரிக்கலாமேயன்றித் தடுக்கலாகாது என்பது அவர் கருத்து. தன் நலனைத் தானே நன்கறிவான் என்னும் நம்பிக்கை இவ்வாதத்துக்குத் துணைநிற்கின்றது.

பயிலுநன் விடயத்தில் இந்நம்பிக்கையே தளர்கின்றது. வளைவொன்றில் அஞ்சி முன் பிறேக்கை இறுகப் பற்றுதல், மேடுபள்ளத்திற் கை அதிர்ந்து வலப்பிடியைத் தன்னையறியாமலே திருகிவிடுதல் ஆகியவை தொடக்ககாலத் தவறுகள். சிறிய வண்டி இவற்றைத் திருத்திக்கொள்ள அவகாசம் தரும், வலுமிக்கது தராது. வேகம் இருமடங்காயின் இயக்கசக்தி நான்மடங்காகும் என்பதைப் புத்தகத்திற் படித்தவனுக்கும், அது தன் கையில் எவ்வாறு உணரப்படும் என்பது தெரியாது. தனக்கு எது பெரிது எனத் தீர்மானிக்கத் தேவையான அறிவு, ஓட்டிப் பழகிய பின்னரே அவனுக்கு வாய்க்கும்.

இதனால் அறிவுரை கூறுவோர் யாவரும் நம்பத்தக்கவர் என்பதும் பொருந்தாது. "நான் தொடக்கத்திலேயே பெரிய வண்டிதான் ஓட்டினேன், எனக்கு ஒன்றும் நேரவில்லை" என்பது இத்தகைய விவாதங்களில் அடிக்கடி கேட்கும் சான்று. தப்பியவர் மட்டுமே இச்சான்றைக் கூற முடியும். இறந்தவர் விவாதத்துக்கு வருவதில்லை. மறுபுறம், எதனையும் பெரிதென்றே அஞ்சித் தடுப்போர், தம் அச்சத்தையே அவனது நன்மையாகக் கொள்கின்றனர். மேலும், பின்னிருக்கையில் அமர்வோரும் பாதசாரிகளும் இவ்வாபத்திற் பங்குகொள்வதால், இது முற்றிலும் அவனது சொந்த விடயமுமன்று.

2013 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள் ஒரு நடுவழியைக் காட்டுகின்றன. இடைநிலை அனுமதிப்பத்திரம் பெற்றவர் 35 கிலோவாற் வரையான வண்டியை ஓட்டலாம். ஈராண்டு அனுபவத்தின் பின் கட்டுப்பாடற்ற வகுப்புக்குச் செல்லலாம். ஆயினும் 24 வயதடைந்தவருக்கு இவ்வனுபவமின்றியே அவ்வகுப்பு திறந்துள்ளது. வயது நிதானத்தைத் தரலாம். கையின் பழக்கத்தைத் தருவதில்லை. ஆகவே அவ்விதி கொள்கையிற் சரியானதாயினும் அளவுகோலிற் குறையுடையதே.

தற்காலிக அறியாமை தற்காலிகத் தடையை மட்டுமே நியாயப்படுத்தும். தடுப்போர் அத்தடை எப்போது நீங்கும், எதனைக் கற்றால் நீங்கும் என்பதையும் சேர்த்துக் கூறக் கடமைப்பட்டவர். 'இது உனக்கு ஆகாது' என்பது தீர்ப்பு. 'இது உனக்கு இன்னும் ஆகாது' என்பதே அறிவுரை. முன்னையது இளைஞனை என்றும் சிறியவனாகவே வைத்திருக்கும். பின்னையது அவன் வளர்வான் என்பதை ஏற்றுக்கொள்ளும்.